எமது பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்?

எச்.ஐ.வி. தடுப்புப் பற்றி அமிர்தகழியில் பேசியவை

மட்டக்களப்பு நகருக்கு அண்மையில், வாவிக் கரையோரமாக அமைந்துள்ள ஊர் அமிர்தகழி. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்கு வருவோர் இவ்வூரை நன்கு அறிவர். எமது வாசகர்கள் பலர் அதனை வேறொரு காரணத்தால் அறிவர். 1990ஆம் ஆண்டின் வன்செயல்களின்போதும், 2007இல் படுவான்கரையில் யுத்தம் மூண்டபோதும் வயலையும் மாடுகளையும் விட்டு நகரப் பக்கம் ஓடிவந்த கமக்காரக் குடும்பங்களில் சில, இவ்வூரிலும் அயலூர்களிலும் தங்கிவிட்டன. 2004 டிசம்பர் 26இல் கடல் கொந்தளித்தபோது கரையோரக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன.

யுத்தம் 2009இல் முடிந்தது. பலர் தமது காணிகளுக்குத் திரும்பினர். ஆயினும் பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டை இங்கு வைத்துக்கொண்டு, விதைப்புக்கும் வெட்டுக்கும் மட்டும் வாவி கடந்து போய்வரும் குடும்பங்களும் உண்டு. தகப்பன் வயல் வாடியில் இருப்பார். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகள் அம்மம்மாவுடன் இருப்பார்கள். இவ்வாறான வீடுகளை மனதிற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

கேள்விப் பெட்டி

அண்மையில் அமிர்தகழியில் ஒரு பொது மண்டபத்தில், தரம் 9 தொடக்கம் தரம் 11 வரை கற்கும் மாணவ மாணவியருடன் மூன்று சனிக்கிழமைகள் பேசினோம். எம்முடன் ஓய்வுபெற்ற தாதி ஒருவரும் வந்திருந்தார். எயிட்ஸ் நோய் பற்றிக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டனர். சிலர் சிரித்தனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே ஒரு பிஸ்கட் பெட்டியின் மூடியில் துளையிட்டு, பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதிப் போடுமாறு கூறினோம். எழுதாதவர்களும் வெறுந் தாளையாவது மடித்துப் போடவேண்டும் என்பது விதி. அப்போதுதான் யார் எழுதினார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அன்று மாலை பெட்டியைத் திறந்து வாசித்தோம். "நுளம்பு குத்தினால் எயிட்ஸ் வருமா?" "சலூனில் ஒரே பிளேட்டால் சவரம் செய்தால் வருமா?" "ஒரே ஒரு தடவை என்றாலும் வருமா?" "வருத்தம் உள்ள ஆளைப் பார்த்தால் தெரியுமா?" "மாமாங்கக் குளத்தில் எல்லாரும் முழுகினால் வருமா?" இவ்வாறு பல கேள்விகள். அவற்றுக்கிடையில் நான்காக மடித்த ஒரு துண்டு இருந்தது. அதில், "ஒரு அண்ணா போனில கூடாத படம் காட்டுறார். வெளியில சொன்னா அடிப்பன் எண்டு சொல்றார். நான் யாரிட்ட சொல்லுறது?" என்று எழுதப்பட்டிருந்தது.

முன்னைய கேள்விகளுக்கு விடை சொல்வது இலகு. இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு தாதியோ ஆசிரியரோ மட்டும் போதாது. அதற்கு வீடும் வேண்டும், ஊரும் வேண்டும். ஆகவே முதலில் பிள்ளைகளின் கேள்விகளுக்கும், பின்னர் அந்தக் கடைசிக் கேள்விக்கும் வருவோம்.

எச்.ஐ.வி. எவ்வாறு தொற்றுகிறது?

எச்.ஐ.வி. என்பது ஒரு வைரசு. எமது உடலில் நோயை எதிர்த்து நிற்கும் வெண்குருதிக் கலங்களை அது சிறிது சிறிதாக அழிக்கின்றது. சிகிச்சை பெறாவிட்டால், பல ஆண்டுகளின் பின்னர் உடல் சாதாரண கிருமிகளுக்கும் ஈடுகொடுக்க முடியாத நிலையை அடைகின்றது. அந்த இறுதி நிலையையே எயிட்ஸ் என்கின்றோம். ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர் எல்லாரும் எயிட்ஸ் நோயாளர் அல்லர்.

இவ்வைரசு இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் மூலமாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கின்றது. பாதுகாப்பற்ற பாலுறவு, ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் பாவித்தல், பரிசோதிக்கப்படாத இரத்தம் ஏற்றுதல், தொற்றுள்ள தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லுதல் என்பனவே வழிகள். ஆணும் பெண்ணும் கொள்ளும் உறவாலும், ஆணும் ஆணும் கொள்ளும் உறவாலும் தொற்று ஏற்படலாம். ஒரே ஒரு தடவையிலும் தொற்றலாம்.

நுளம்பு குத்துவதால் தொற்றாது. நுளம்பின் உடலில் இவ்வைரசு பெருகுவதில்லை. ஒரே கோப்பையில் சாப்பிடுவதால், ஒரே கிணற்றில் குளிப்பதால், ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதால், கைகொடுப்பதால், கட்டியணைப்பதால், இருமலால், கண்ணீரால் தொற்றாது. தீர்த்தக் குளத்தில் ஆயிரம் பேர் ஒன்றாக மூழ்கினாலும் தொற்றாது. சலூனில் ஆளுக்கொரு புதிய பிளேட் கேட்பது நல்ல பழக்கமே, ஏனெனில் இரத்தத்தால் பரவும் வேறு நோய்களும் உள்ளன. பச்சை குத்துமிடத்திலும் புதிய ஊசியையே கேட்கவேண்டும்.

"பார்த்தால் தெரியுமா?" என்ற கேள்வியே மிக முக்கியமானது. தெரியாது. சிகிச்சை இல்லாதவர்களிலும் தொற்று ஏற்பட்டு எட்டுப் பத்து ஆண்டுகள் வரை ஆள் நல்ல உடல்கட்டோடு இருக்கலாம். கமக்காரருக்கு இதை விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. அறக்கொட்டியான் என்று நாம் சொல்லும் கபில நிறத் தத்தி விழுந்த வயலை நினைத்துப் பாருங்கள். வரம்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகவே நிற்கும். இறங்கி, பயிரை விலக்கி, அடியைப் பார்த்தால்தான் பூச்சி தெரியும். வயல் வட்டம் வட்டமாகக் கருகியபின் பார்ப்பவன் பிந்திவிட்டான். எச்.ஐ.வி.யும் அவ்வாறே. இரத்தப் பரிசோதனை ஒன்றினாலேயே அதை அறியலாம். பதினாறு பதினேழு வயதில் பிள்ளைக்கு ஏற்பட்ட தொற்று, அவன் கலியாணம் முடித்துத் தகப்பனாகும் வயதில்தான் வெளியே தெரியவரலாம். இளம் வயதிலேயே இதைப்பற்றிப் பேசவேண்டியதன் காரணம் இதுவே.

"எங்கட ஆக்களுக்கு இது வராது"

இரண்டாம் சனிக்கிழமை பெற்றோரை அழைத்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மாரும் அம்மம்மாமாரும். தகப்பன்மார் சிலரே வந்தனர். "இது வெளிநாட்டு வருத்தம், எங்கட ஆக்களுக்கு வராது" என்றார் ஒருவர்.

இவ்வாறு சொன்னவர்கள் எமக்கு முன்னரும் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டிலும் இதே பேச்சுத்தான். அது மேல்நாட்டு நோய், குடும்ப ஒழுக்கம் உள்ள நாட்டுக்கு வராது என்று படித்தவர்களே கூறினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதை நம்பியிருக்காமல் பரிசோதித்துப் பார்த்தனர். நிர்மலா தாமே இரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுசென்றார். 1986இல் அவற்றிற் சிலவற்றில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ் மண்ணிலேதான். அடுத்த ஆண்டு, 1987இல், இலங்கையர் ஒருவருக்குத் தொற்று இருப்பது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

உண்மையைச் சொல்வதானால், இலங்கை இன்றும் தொற்றுக் குறைந்த நாடு. வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானோரே எச்.ஐ.வி.யுடன் வாழ்கின்றனர். ஆகவே பயங்காட்டுவது எமது நோக்கமன்று. ஆயினும் 2022இல் நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் தொகை 600ஐத் தாண்டியது. 1987இலிருந்து அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு பேர் பதிவாகவில்லை. இவ்வாறு கண்டறியப்படுவோரில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள்.

இக்கடைசி வசனத்தைப் பெற்றோர் இருமுறை வாசிக்கவேண்டும். கூட்டத்தில் தகப்பன் ஒருவர் சொன்னார்: "பொம்புளப் புள்ளய நாங்க கவனமாத்தான் வெச்சிருக்கம் மிஸ். பொடியன் என்ன, எங்க போனாலும் வீட்டுக்கு வருவான்தானே." எமது வீடுகள் பலவற்றின் நிலை இதுவே. பெண் பிள்ளை ரியூசனுக்குப் போனால் யாரோடு போனாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று கேட்கின்றோம். ஆண் பிள்ளை இரவில் யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினான், வயல் வாடியில் யார் பக்கத்தில் படுத்தான், புதிய கைத்தொலைபேசியை யார் வாங்கிக் கொடுத்தார் என்று கேட்பதில்லை. ஆண் பிள்ளைகளும் பெரியவர்களால் கெடுக்கப்படுகின்றனர். அவர்கள் அதை வெளியே சொல்வது இன்னும் குறைவு, ஏனெனில் தன்னைக் கேலி செய்வார்கள் என்று பயப்படுகின்றனர். நாம் பூட்டிய கதவு ஒன்று, திறந்து கிடக்கும் கதவு இன்னொன்று.

ஒரு பழக்கத்தோடு இன்னொன்று

கட்டிளம் பருவத்தினர் ஆபத்தான பழக்கங்களுக்குத் தனித்தனியாகப் போவதில்லை. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகின்றது. 2016இல் எமது நாட்டில் 13 தொடக்கம் 17 வயது வரையான பாடசாலை மாணவரிடையே ஒரு தேசிய சுகாதார ஆய்வு நடைபெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பல நாடுகளில் நடத்தப்படும் ஆய்வு அது. மது, புகைத்தல், போதைப்பொருள், பாலியல் நடத்தை என்பவற்றோடு, பிள்ளை தனிமையாக உணர்கிறதா, நெருங்கிய நண்பர் உண்டா, பெற்றோர் அதன் கவலையைப் புரிந்துகொள்கிறார்களா என்றும் அதில் கேட்கப்பட்டது. இவையெல்லாம் ஒரே ஆய்வில் சேர்க்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. தனிமையில் உள்ள பிள்ளை கூட்டாளியைத் தேடுகின்றது. கிடைத்த கூட்டாளி குடிப்பவனாக இருந்தால் பிள்ளையும் குடிக்கின்றது. வெறியில் புத்தி தடுமாறும்போது, மற்ற வேளையில் செய்யாததைச் செய்கின்றது, அல்லது மற்றவர் செய்வதைத் தடுக்க முடியாமற் போகின்றது.

ஒரு காலத்தில் எமது ஊர்களில் கசிப்பும் சாராயமுமே பெற்றோரின் கவலையாக இருந்தன. இன்று கஞ்சாவோடு ஐஸ் என்னும் போதைப்பொருளும் வந்துவிட்டது. அதை உட்கொண்டவருக்குப் பயமும் தயக்கமும் குறைந்து, பாலுணர்வு மிகுவதால் எச்.ஐ.வி. ஆபத்தும் கூடுகின்றது. ஊசி மூலம் ஏற்றிக்கொண்டால் ஆபத்து இரட்டிப்பாகும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதுவே படிப்பை இடையில் விடுதல். வெட்டுக் காலத்தில் கைக்கு உதவி என்று பதினான்கு வயதுப் பையனை வயலுக்குக் கூட்டிப்போகின்றோம். மெஷினோடு ஒரு கிழமை நின்று கையில் காசைக் கண்டபின் அவனுக்குப் பாடசாலை கசக்கின்றது. எமது நாட்டில் 2016இலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். சட்டத்துக்காக மட்டுமன்றி உயிருக்காகவும் பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருக்கவேண்டும் என்பதற்கு ஆபிரிக்காவிலுள்ள பொட்சுவானா நாடு சாட்சி. அங்கு எச்.ஐ.வி. மிகப் பரவலாக உள்ளது. 1996இல் இடைநிலைக் கல்வி ஒழுங்கு மாற்றப்பட்டதனால் பிள்ளைகள் கூடுதலான காலம் பாடசாலையில் இருந்தனர். அவர்கள் வளர்ந்தபின் ஆராய்ந்து பார்த்தபோது, கூடுதலாகக் கற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப்பேர் தொற்றிலிருந்து தப்பியிருந்தனர் என்று 2015இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. எமது நாட்டுக்கு அதே கணக்குப் பொருந்தாது. ஆனால் பாடசாலைக் கதிரையும் ஒரு பாதுகாப்பு என்பது எங்கும் பொருந்தும்.

சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்களா?

"மிஸ், இதச் சொல்லிக் குடுத்தா, தெரியாததத் தெரிஞ்சு பிள்ளையள் கெட்டுப் போகாதா?" என்று ஒரு தாய் கேட்டார். மண்டபத்தில் பலர் தலையசைத்தனர். இது நியாயமான பயம். இப்பக்கங்களில் இவ்விடயத்தை எழுதலாமா என்று நாமும் யோசித்தோம்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் எண்ணுவது முதலாவது தவறு. கேள்விப் பெட்டியை வாசித்தவர்களுக்கு அது விளங்கும். கைத்தொலைபேசியும் மூத்த பையன்களும் ஏற்கெனவே கற்பித்துவிட்டனர். ஆனால் அரைகுறையாக, பிழையாக, அசிங்கமாகக் கற்பித்துள்ளனர். யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய பாலியற் கல்வி வழிகாட்டியில், பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் தொகுத்து நோக்கப்பட்டுள்ளன. வயதுக்கேற்ற அறிவைப் பெற்ற பிள்ளைகள் அதனால் பாலுறவுக்கு முந்துவதில்லை என்றும், பிந்துவோரே உண்டு என்றும் அது காட்டுகின்றது.

எமது பாடசாலைகளிலும் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இவை உள்ளன. ஆனால் அந்தப் பக்கங்களை, "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போகும் வகுப்புகள் உண்டு. வீட்டிலோ, "அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள்" என்று விட்டுவிடுகின்றோம். இரு கரையும் கைவிட்ட தோணியாகப் பிள்ளை நடுவில் நிற்கின்றது.

பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லவேண்டியது, படிக்கும் வயதில் பாலுறவைத் தவிர்ப்பதே முழுப் பாதுகாப்பு என்பதும், திருமணத்தில் ஒருவருக்கொருவர் உண்மையாய் இருப்பது நல்வாழ்வு என்பதுமே. எமது ஊர்களில் எச்சமயத்தவரும் இதையே போதிக்கின்றனர். அதே வேளையில், மருத்துவம் உறுதிப்படுத்தியதை மறைப்பதும் நேர்மையன்று. ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பாவித்தால் தொற்றும் ஆபத்து பெருமளவு குறைகின்றது. வளர்ந்த பிள்ளைகளும், வேலைக்காக வெளியூர், வெளிநாடு செல்லும் பெரியவர்களும் இதை அறிந்திருக்கவேண்டும். உயிரோடு இருப்பவனுக்கே திருந்தி வாழவும் வழியுண்டு.

வதந்தியின் கொடுமை

அறியாமையால் வரும் மற்றொரு தீங்கையும் சொல்லவேண்டும். 2016இல் குருநாகல் மாவட்டத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளப் பாடசாலைகள் மறுத்தன. அவனுடைய தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று ஊரில் பரவிய கதையே காரணம். பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனையில் தெரிந்திருந்தும் ஏனைய பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. தாய் வீதிக்கு வந்து போராடவேண்டியதாயிற்று. இறுதியில் கண்டியிலுள்ள ஒரு பாடசாலை அவனை ஏற்றுக்கொண்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

அந்தப் பிள்ளைக்குத் தொற்று இருந்திருந்தாலும்கூட, பக்கத்து மேசைப் பிள்ளைக்கு ஓர் ஆபத்தும் இல்லை. சேர்ந்து விளையாடுவதாலோ சாப்பாட்டைப் பகிர்வதாலோ எச்.ஐ.வி. தொற்றாது என்பதை மேலே சொன்னோம். அகதி என்ற சொல்லால் ஒதுக்கப்பட்ட நாம், இன்னொருவரை ஒரு நோயின் பெயரால் ஒதுக்கலாமா? அவ்வாறு ஒதுக்கும் ஊரில் ஒருவரும் பரிசோதனைக்குப் போகமாட்டார்கள். பரிசோதனைக்குப் போகாத ஊரில்தான் நோய் மறைந்திருந்து பரவும்.

மருந்து உண்டு

எயிட்ஸ் என்றால் மரணம் என்று 1990களில் சொல்லப்பட்டது. இன்று அது உண்மையன்று. நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வைரசை அடக்கிவைக்கும் மருந்து உண்டு. இலங்கையில் 2004 முதல் அரசாங்கம் அதை இலவசமாக வழங்குகின்றது. நாளாந்தம் ஒழுங்காக உட்கொள்பவர் மற்றவர்களைப் போல் வேலை செய்து, முதுமை வரை வாழலாம். மருந்தினால் இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அவ்வாறே நிலைத்திருந்தால், பாலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது என்பதும் இன்று உறுதியாகியுள்ளது.

கர்ப்பிணித் தாய்க்குத் தொற்று இருந்து சிகிச்சை இல்லாவிட்டால், நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரையானோருக்குத் தொற்றலாம். சிகிச்சை பெற்றால் அது ஐந்துக்கும் கீழே குறைகின்றது. கர்ப்பிணித் தாய்மார் அனைவருக்கும் கிளினிக்கில் இரத்தம் பரிசோதிக்கும் ஒழுங்கினால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. எமது குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாக நடந்த நடையின் பலன் அது. வெட்கப்படாமல் பேசினால் ஒரு நாடே ஒரு வழியை அடைத்துவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். அங்கு சொல்லப்படுவது இரகசியமாகப் பேணப்படும். தொற்றிய உடனேயே பரிசோதனையில் தெரியாதிருக்கலாம் என்பதால், எப்போது மீண்டும் வரவேண்டும் என்பதைக் கேட்டறிந்து வரவேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளையோடு ஒரு நாளைக்குச் சிறிது நேரமாவது, படிப்பைப் பற்றிக் கேட்காமல் வெறுமனே கதையுங்கள். வாடியில் இருக்கும் தகப்பனும் வெளிநாட்டிலுள்ள தாயும் தொலைபேசியில் கதைக்கும்போது, "காசு கிடைத்ததா, படித்தாயா" என்பதோடு நிறுத்தாமல், "இண்டைக்கு யாரோட விளையாடினாய்?" என்றும் கேளுங்கள்.

2. பிள்ளை சங்கடமான ஒன்றைக் கேட்டால் ஏசவேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறி, குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

3. தனது உடலை எவர் தொட்டாலும், எவர் கூடாத படம் காட்டினாலும், அவர் மாமாவாக, மாஸ்டராக, சமயப் பெரியவராக இருந்தாலும், "வேண்டாம்" என்று சொல்லவும், வந்து சொல்லவும் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சிறு வயதிலேயே பழக்குங்கள்.

4. வயலுக்கோ தொழிலுக்கோ பிள்ளையை அனுப்பி அங்கு தங்கவைக்காதீர்கள். பெரியவர்கள் குடிக்கும் இடத்தில் பிள்ளை படுக்கவே கூடாது.

5. காரணமின்றிப் பிள்ளைக்குக் காசு, உடுப்பு, தொலைபேசி கொடுப்பவர் யார் என்று தேடிப் பாருங்கள்.

6. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் பாலுறவு கொள்வது, பிள்ளை சம்மதித்தாலும் சட்டப்படி குற்றம். கெடுத்தவனுக்கே பிள்ளையைக் கட்டிக்கொடுத்து மானத்தைக் காப்பாற்ற முயல்வது இன்னொரு குற்றத்துக்கு வழிவகுக்கும்.

7. பிள்ளை வல்லுறவுக்கு உள்ளானால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஊரவர் என்ன சொல்வார்கள் என்று யோசித்து இரண்டு நாளைக் கழித்தால் அந்தக் காலம் திரும்பி வராது.

8. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு யாரும், பிள்ளை தானாகவும், அழைத்துச் சொல்லலாம். இந்த நான்கு இலக்கங்களையும் வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

அந்தத் துண்டுக்கு விடை

மூன்றாம் சனிக்கிழமை பிள்ளைகளின் கேள்விகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்து விடை கூறினோம். நான்காக மடித்த துண்டை மட்டும் சபையில் வாசிக்கவில்லை. எழுதிய பிள்ளையை அது காட்டிக்கொடுத்துவிடக் கூடும். அதற்குப் பதிலாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொன்னோம்: "யாராவது உங்களைப் பயங்காட்டி எதையாவது செய்யச் சொன்னால், பிழை அவருடையது, உங்களுடையது அல்ல. வந்து சொல்லுங்கள். அடி விழாது. கூட்டம் முடிந்தும் நாங்கள் ஒரு மணித்தியாலம் இங்கே இருப்போம்." 1929 என்ற இலக்கத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினோம். முன்னைய கிழமை கூட்டத்துக்கு வந்த பெற்றோரும் அம்மம்மாமாரும் அன்று பின்வரிசையில் அமர்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தனர்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின், கதிரை அடுக்க உதவுவதாகச் சொல்லி ஒரு பையன் நின்றான். கதிரைகள் அடுக்கி முடிந்தபின்னும் போகவில்லை. வெளியே அவனுடைய அம்மம்மா காத்திருந்தார். அவரை உள்ளே அழைக்கவா என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்துத் தலையசைத்தான். அந்த முதியவர், 1990இல் கைக்குழந்தையோடு வாவி கடந்து வந்தவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். வந்து பக்கத்தில் இருந்து பேரனின் முதுகைத் தடவி, "எனக்கு ஒண்டும் தெரியாது மனே. நீ சொல்லு, நான் கேப்பன்" என்றார்.

அதன்பின் அவன் சொன்னதை இங்கு எழுதமாட்டோம். அவர்கள் இருவரும் தனியே விடப்படவில்லை என்பதையும், செய்யவேண்டியவை உரிய அதிகாரிகள் மூலம் செய்யப்பட்டன என்பதையும், பையன் தொடர்ந்து பாடசாலைக்குப் போகிறான் என்பதையும் மட்டும் கூறுகின்றோம்.

எச்.ஐ.வி. பற்றி அந்த அம்மம்மாவுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. கூட்டங்களில் கேட்டதிலும் பாதி அவருக்கு விளங்கியிராது. ஆயினும் அவர் செய்ததே எல்லாத் தடுப்புக்கும் முதற்படி. ஏனைய விபரங்களைத் தாதி சொல்வார், வைத்தியர் சொல்வார், இப்பக்கங்களும் சொல்லும். நீ சொல்லு, நான் கேட்பேன் என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் உள்ளவரே சொல்லவேண்டும். இன்று இரவு விளக்கை அணைக்குமுன், உங்கள் வீட்டிலுள்ள பிள்ளைக்கு, முக்கியமாக ஆண் பிள்ளைக்கு, அதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.